கணக்குச் சொல்வதும் கட்டை சொல்வதும்

தாயக்கட்டையை உருட்டுவதற்கு முன்னால் கேட்கத்தக்க கேள்வி ஒன்று. உருட்டி முடித்த பின்னால் கேட்கத்தக்க கேள்வி வேறொன்று. 'எத்தனைக்கு எத்தனை விழக்கூடும்?' என்பது முன்னது. 'எத்தனைக்கு எத்தனை விழுந்தது?' என்பது பின்னது. முதற் கேள்விக்குக் கட்டையைத் தொடாமலே, அதன் வடிவத்தை மனத்தில் நிறுத்தி யோசித்து விடை கூறிவிடலாம். இரண்டாவதற்கோ உட்கார்ந்து உருட்டி, ஒவ்வொன்றையும் குறித்துவைத்து எண்ணினாலன்றி விடை இல்லை. நம் தர்க்க சாஸ்திரிகளின் பரிபாஷையில் முன்னதை அனுமானத்தின் பாற்பட்டதென்றும் பின்னதைப் பிரத்தியட்சத்தின் பாற்பட்டதென்றும் கொள்ளலாம். கணித நூல்கள் முன்னதைக் கோட்பாட்டு நிகழ்தகவு என்றும், பின்னதைப் பட்டறி நிகழ்தகவு என்றும் வழங்குகின்றன.

இவ்விரண்டும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போவது அபூர்வம். ஒத்துப்போகாதபோது, கணக்கே பொய் என்று கைவிடுகிறவர்கள் ஒரு சாரார். கணக்கு மெய்யாதலால் இனிமேல் விழப்போவது இதுவரை விழாததை ஈடுகட்டியே தீரும் என்று காத்திருக்கிறவர்கள் மற்றொரு சாரார். இரு சாராருமே தவறுகிறார்கள் என்பதும், கணக்குக்கும் கட்டைக்கும் இடையே விழும் அந்த வித்தியாசமே நாம் கூர்ந்து படிக்க வேண்டிய பாடம் என்பதும் என் துணிபு.

முதலில் தாயக்கட்டையையே எடுத்துக்கொள்வோம். பித்தளையில் வார்த்த, விரல் நீளமுள்ள இரண்டு கட்டைகள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்; ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். முதற் கட்டை நான்கு விதமாக விழலாம். அவற்றில் ஒவ்வொன்றோடும் இரண்டாவது கட்டை நான்கு விதமாகச் சேரலாம். ஆக 16 விதங்கள். இவற்றுள் ஒன்று வெறுமையையும் மற்றது ஒற்றைப் புள்ளியையும் காட்டுவதே தாயம் என்பதால், எந்தக் கட்டை எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து அது இரண்டு விதமாக நேரும். எனவே தாயத்தின் நிகழ்தகவு பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. மூன்று விழுவதற்கு நான்கு வழி உண்டு. இரண்டும் வெறுமையாய் மல்லாந்து பன்னிரண்டு விழுவதற்கோ ஒரே ஒரு வழிதான்.

எட்டில் ஒன்று என்றவுடன், எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு முறை உருட்டும்போது தாயம் விழாதிருக்கும் வாய்ப்பு எட்டில் ஏழு. அதை எட்டு முறை பெருக்கிப் பார்த்தால், எட்டு உருட்டலிலும் தாயமே விழாமற் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே நிற்கிறது. இருபது முறை உருட்டியும் விழாதிருப்பது ஏறக்குறைய 14 பேரில் ஒருவருக்கு நேரும். ஆகவே, மற்றவர்களெல்லாம் காயை இறக்கி ஆட்டத்தில் பாதி தூரம் போய்விட்ட பிறகும் தாயம் விழாமல் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து, 'உன் கை ராசி அப்படி' என்று சொல்லிவிடுவது அநியாயம். யாரேனும் ஒரு குழந்தைக்கு அப்படி நேரும் என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது. எந்தக் குழந்தைக்கு என்பதை மட்டுமே அது சொல்லவில்லை.

மேற்சொன்ன கணக்கு முழுவதும் ஓர் ஊகத்தின்மேல் நிற்கிறது: 16 விதங்களும் ஒன்றுக்கொன்று சமமான வாய்ப்புடையவை என்பது அந்த ஊகம். அது பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். பெரிய அறிஞர்களும் இவ்விடத்தில் இடறியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754-ஆம் ஆண்டு தலம்பேர் என்னும் கணித மேதை எழுதிய கட்டுரையில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று வாதித்தார். முதற் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, முதலில் பூவும் பிறகு தலையும் விழலாம், இரண்டும் பூவாகலாம், ஆக மூன்று நிலைகள், அவற்றில் இரண்டு சாதகம் என்பது அவர் வாதம். அந்த மூன்றும் சமமல்ல. முதல் நிலை மற்ற இரண்டில் ஒவ்வொன்றைப் போலவும் இருமடங்கு வாய்ப்புடையது. சரியான விடை நான்கில் மூன்று. ஆயிரம் ஜோடிச் சுண்டல்களைப் பொறுமையாகக் குறித்துவைக்கும் ஒரு பள்ளிச் சிறுவனுக்கு 667-ஐ ஒட்டிய எண் வராமல் 750-ஐ ஒட்டிய எண்ணே வரும். மேதையின் பிழை வெட்டவெளிச்சமாகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, பிரத்தியட்சம் முன்னே சென்று அனுமானத்தைத் திருத்திய கதையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியச் சூதாடிகளை ஒரு புதிர் வருத்தியது. மூன்று பகடைகளை வீசினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கு ஆறு சேர்க்கைகள், 10 வருவதற்கும் ஆறு சேர்க்கைகள். அப்படியிருக்க, 9-ஐ விட 10 சற்று அதிகமாக விழுவதாக நெடுநாள் ஆடிப் பழகியவர்கள் சொன்னார்கள். இதை ஆராயும்படி பணிக்கப்பெற்ற கலிலியோ, 1620-ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய சிறு குறிப்பொன்றில் புதிரை விடுவித்தார். மூன்று பகடைகளும் தனித்தனியானவை என்பதால் மொத்த விதங்கள் 216; மூன்று, மூன்று, மூன்று என்ற சேர்க்கை ஒரே விதமாக நேர, ஆறு, இரண்டு, ஒன்று என்ற சேர்க்கை ஆறு விதமாக நேர்கிறது; இவ்வாறு விரித்து எண்ணினால் 9-க்கு 25 விதமும் 10-க்கு 27 விதமும் அமைகின்றன. வித்தியாசம் 108-இல் ஒன்றுதான். இத்தனை நுண்ணிய வேறுபாட்டைக் காகிதமும் சூத்திரமும் இன்றி, கண்ணாலும் ஞாபகத்தாலும் மட்டுமே உணர்ந்துகொண்ட அச்சூதாடிகளின் அவதானத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அவ்வளவு கூர்மையை நல்ல காரியம் எதற்கேனும் செலவிட்டிருக்கலாகாதா என்ற வருத்தமும் கூடவே எழுகிறது.

அனுபவத்தால் கிடைக்கும் விகிதம், முயற்சிகள் பெருகப் பெருகக் கணக்கின் விகிதத்தை நெருங்கும் என்பதை முதன்முதலில் நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து யாக்கோப் பெர்னூலி. 1705-இல் அவர் காலமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1713-இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்த நிரூபணம் இருக்கிறது. வெள்ளைக் கூழாங்கற்களும் கறுப்புக் கூழாங்கற்களும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கலந்த ஒரு குடத்திலிருந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, பார்த்து, திரும்பவும் போட்டுவிட்டு, மறுபடியும் எடுத்துக்கொண்டே போனால், வெள்ளையின் பங்கு உண்மையான 60 சதவீதத்திலிருந்து இப்பக்கமோ அப்பக்கமோ 2 சதவீதத்துக்கு மேல் விலகாது என்று ஆயிரத்துக்கு ஒன்று பந்தயம் கட்டிச் சொல்வதற்கு எத்தனை முறை எடுக்க வேண்டும்? 25,550 முறை என்று அவர் கணக்கு விடை தந்தது. இன்றைய முறைகளால் கணித்தால் ஏறக்குறைய 6,500 போதும். அவர் தம் காலத்துக் கருவிகளைக்கொண்டு மிகுந்த எச்சரிக்கையோடு கணித்திருந்தார்.

இந்தத் தத்துவத்தைக் கையால் செய்து பார்த்தவர்கள் பலர். பதினெட்டாம் நூற்றாண்டில் பூஃபான் பிரபு 4,040 சுண்டல்களில் 2,048 தலைகளைப் பெற்றார்; பின்னர் லண்டனில் கார்ல் பியர்சன் 24,000 சுண்டல்களில் 12,012 தலைகளைப் பெற்றார். ஆனால் இவர்களிலெல்லாம் நாம் நின்று நிதானித்துப் பார்க்கத் தகுந்தவர் ஜான் கெரிக்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்துவந்த கெரிக், 1940 ஏப்ரலில் மனைவியின் உறவினரைப் பார்க்க டென்மார்க் சென்றிருந்த சமயம், ஜெர்மானியப் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. பிரிட்டிஷ் பிரஜையான அவர் ஜட்லாந்திலுள்ள ஹால்ட் என்னுமிடத்து முகாமில் காவலில் வைக்கப்பட்டார். நூலகமோ ஆய்வுக்கூடமோ இல்லாத அவ்விடத்தில், காலம் ஒன்றே குறைவின்றி இருந்தபடியால், உடனிருந்த கைதி ஒருவரின் துணையோடு ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டி, ஒவ்வொரு முறையும் விழுந்ததைக் குறித்துவைத்தார். அதன் பலன்களை 1946-இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். சிறைப்பட்ட மனிதன் விரக்தியில் மூழ்காமல், உலகுக்கு உபயோகமாகும் ஒரு காரியத்தை இவ்வளவு எளிய பொருளைக்கொண்டு செய்து முடித்தானே என்பது என்னை நெகிழ்விக்கிறது.

அவருடைய குறிப்பைச் சற்று அருகிலிருந்து படிப்போம். முதல் பத்தில் 4 தலை. நூறாவது சுண்டலில் தலைகள் 44; பாதியான 50-க்கு ஆறு குறைவு. இவ்விடத்தில், 'தலை பாக்கிப்பட்டுவிட்டது, இனித் தலையே அதிகம் விழும்' என்று சொல்லும் நண்பர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். அடுத்த நூறில் 54 தலை விழுந்து, 200-இல் 98 ஆகிறது. நண்பர் வெற்றியோடு சிரிக்கிறார். 500-இல் 255, பாக்கி தீர்ந்து ஐந்து மிகுதி. நண்பரின் கொள்கைப்படி இனிப் பூ அதிகம் விழ வேண்டும். ஆனால் நாணயம் தலையையே மேலும் காட்டிக்கொண்டு போய், 700-இல் 368 என்று 18 மிகையாகிறது. ஆயிரத்தில் 502 என்று ஏறக்குறைய பாதிக்கே திரும்புகிறது. நண்பர் மறுபடி தலைநிமிர்கிறார். அதற்குப்பின் 5,000-இல் 2,533, மிகை 33. பத்தாயிரத்தில் 5,067, மிகை 67. அந்த 67 தலைகளுக்கு ஈடான பூக்களை நாணயம் விழச் செய்யவே இல்லை. முன்னே விழுந்தது இன்னதென்று அறியும் புலன் அதற்கு ஏது, ஈடுசெய்வதற்கு?

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. நூறில் ஆறாக இருந்த வித்தியாசம் பத்தாயிரத்தில் 67 ஆயிற்று; எண்ணிக்கையாகப் பார்த்தால் விலகல் பெருகியிருக்கிறது. விகிதமாகப் பார்த்தாலோ, முன்னது 44 சதவீதம், பின்னது 50.67 சதவீதம், விலகல் 6 சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. ஏரியில் விழுந்த ஒரு கைப்பிடி உப்பை யாரும் வெளியே எடுத்துவிடுவதில்லை. நீரின் பெருக்கத்தில் அதன் கரிப்பு தெரியாமற் போகிறது. பெர்னூலி நிரூபித்தது விகிதத்தைப் பற்றியதேயன்றி எண்ணிக்கையைப் பற்றியதன்று. அந்த நெருக்கமும் படிப்படியாக ஒழுங்காக வருவதன்று என்பதற்கு, ஆயிரத்தில் 50.2 ஆக இருந்த சதவீதம் பத்தாயிரத்தில் 50.67 ஆகச் சற்றே விலகி நிற்பது சாட்சி. லாட்டரிக் கடைகளிலும் பந்தயக் களங்களிலும் குடும்பங்களை அழித்த தவறான நம்பிக்கைகளில், 'இத்தனை நாள் வரவில்லை, ஆகையால் இனி வந்தே தீரும்' என்பதற்கு முதலிடம் கொடுக்கலாம். கெரிக்கின் குறிப்பேட்டை ஒரு முறை கவனமாகப் பார்த்தவர் அந்த நம்பிக்கையில் ஒரு ரூபாயையும் வைக்க மாட்டார்.

அப்படியானால் எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம்? நாணயத்தைப் பொறுத்தமட்டில் மனத்தில் வைத்துக்கொள்ள எளிய விதி ஒன்று உண்டு: சுண்டல்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் காணுங்கள், தலைகளின் எண்ணிக்கை பாதியிலிருந்து அந்த வர்க்கமூலத்துக்குமேல் விலகுவது, நேர்மையான நாணயத்தில், ஏறக்குறைய இருபதில் ஒரு தடவைதான். நூறு சுண்டலுக்குப் பத்து, பத்தாயிரத்துக்கு நூறு. கெரிக்கின் 67 அந்த எல்லைக்குள் அடங்குகிறது. 4,040-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 64. பூஃபான் பிரபுவின் விலகல் 28. ஆகவே இருவர் நாணயத்தின்மீதும் நாம் சந்தேகம் கொள்ள ஏதுவில்லை.

சந்தேகம் கொள்ள ஏது உண்டானால் என்ன நிகழும் என்பதற்கு வெல்டனின் பகடைகள் சரித்திரப் பிரசித்தி பெற்ற உதாரணம். லண்டனில் விலங்கியல் பேராசிரியராக இருந்த அவர், பன்னிரண்டு பகடைகளை ஒருசேர வீசும் காரியத்தை 26,306 முறை நடத்தி, 5-ம் 6-ம் எத்தனை விழுந்தன என்ற கணக்கை 1894-இல் தம் நண்பர் கால்டனுக்குத் தெரிவித்தார். தனித்தனிப் பகடையாக எண்ணினால் 3,15,672 வீச்சுகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 வீச்சுகள் 5 அல்லது 6 காட்ட வேண்டுமென்பது கணக்கு, காட்டியவையோ 1,06,602. மிகை 1,378. சதவீதத்தில் 33.33-க்கும் 33.77-க்கும் உள்ள வேற்றுமைதானே என்று மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் ஒதுக்கிவிடுவார். ஆனால் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இவ்வளவு விலகல் தற்செயலாக நேர்வதற்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்பும் இல்லை. இங்கே கணக்கும் பிழையன்று, எண்ணியவரும் பிழைக்கவில்லை. பகடைதான் சமனாக இல்லை. புள்ளிகளைக் குழியாகக் குடைந்து செய்த பகடையில் ஆறு குழியுள்ள பக்கம், அதற்கு எதிரேயுள்ள ஒரு குழிப் பக்கத்தைவிட இலேசானது. ஐந்து குழிப் பக்கம் எதிரேயுள்ள இரண்டு குழிப் பக்கத்தைவிட இலேசானது. கனமான பக்கம் தரையை நாட, இலேசானது சற்றே அதிகமாக மேலே நிற்கிறது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். 1900-இல் கார்ல் பியர்சன், கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள இடைவெளி தற்செயலால் வரக்கூடியதுதானா என்று சோதிக்கும் பொது முறை ஒன்றை வகுத்தபோது, எடுத்தாண்ட தரவுகளில் இப்பகடைகளும் இருந்தன. இன்று மருந்துச் சோதனையிலிருந்து பயிர் ஆராய்ச்சிவரை அம்முறையைக் கையாளாத துறை இல்லை.

அதிகமாக விலகுவது சந்தேகத்துக்கு இடமென்றால், அளவுக்கு மிஞ்சி ஒத்துப்போவதும் அவ்வாறே. சம இடைவெளியில் கோடுகள் கிழித்த தளத்தின்மேல் ஊசி ஒன்றைப் பலமுறை எறிந்து, எத்தனை தடவை அது கோட்டைத் தொட்டு விழுகிறது என்று எண்ணினால், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய 'பை' என்னும் எண்ணைக் கணித்துவிடலாம் என்பது பூஃபான் தீர்த்த ஊசிக் கணக்கிலிருந்து கிளைத்த அற்புதமான உண்மை. இத்தாலியரான லாத்சரினி 1901-இல், 3,408 முறை எறிந்து 1,808 முறை ஊசி கோட்டைத் தொட்டதாகவும், அதிலிருந்து பை 3.1415929 என்று கிடைத்ததாகவும் வெளியிட்டார். ஆறு தசமதானம்வரை சரியான விடை! ஆனால் இத்தனை எறிதல்களில் முப்பது தொடுதல்கள் இப்படியோ அப்படியோ மாறுவது சர்வசாதாரணம். இன்னும் ஒரே ஒரு தொடுதல் அதிகமாகி 1,809 ஆகியிருந்தால், விடை 3.1399 ஆகி, இரண்டாவது தசமதானத்திலேயே பிழைத்திருக்கும். எறிந்த எண்ணிக்கையாகிய 3,408, 213-இன் சரியான பதினாறு மடங்கு. பழங்காலத்திலிருந்தே அறிந்த 355-க்கு 113 என்னும் பின்னம் அவர் பயன்படுத்திய அளவுகளில் கிடைக்க வேண்டுமானால், அப்படிப்பட்ட மடங்கிலேதான் நிறுத்த வேண்டும். விரும்பிய விடை வந்த இடத்தில் எறிவதை நிறுத்திவிட்டார் என்றோ, எண்களை முன்கூட்டியே அமைத்துக்கொண்டார் என்றோதான் பிற்காலத்தார் கருதுகிறார்கள். மெய்யான பரிசோதனை எப்போதும் சற்றே கரடுமுரடாகவே இருக்கும்.

இனி, கணக்கே செய்ய முடியாத இடங்களும் உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளில் பகடைக்குப் பதிலாகச் சோழியைக் குலுக்கிப் போட்டார்கள்; சோழியும் கிடைக்காதவர்கள் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் கருங்கல்லில் தேய்த்து, கறுப்புத் தோல் போய் வெண்மை தெரியும்படி செய்து ஆடினார்கள். சோழியின் முதுகு குவிந்தது. வாய்ப்புறம் பிளந்து தட்டையானது. அது மல்லாந்து விழும் வாய்ப்பு பாதி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. தேய்த்த புளியங்கொட்டையோ தேய்த்தவர் கையின் பலத்தைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒரு விதம். அதிகம் தேய்ந்தது ஒரு மாதிரியும் குறைவாகத் தேய்ந்தது வேறு மாதிரியும் விழும். இவற்றுக்கெல்லாம் சமவாய்ப்பு என்ற ஊகம் கைகொடுக்காது. நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்து எண்ணுவது ஒன்றே வழி. காப்பீட்டுக்காரர் ஆயுளைக் கணிப்பதும், வானிலை அலுவலர் மழையை முன்னறிவிப்பதும் இந்தச் சோழிக் கணக்கின் இனத்தைச் சேர்ந்தவையே.

சமவாய்ப்புக்கு இலக்கணமாக எல்லோரும் காட்டும் நாணயமே முற்றிலும் சமமன்று என்பது அண்மைக் காலத்துச் செய்தி. எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துச் சுண்டுகிறோமோ அதே பக்கமாக விழும் வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம், சுமார் 51 சதவீதம், என்று 2007-இல் பெர்சி டயக்கோனிசும் அவருடைய சகாக்களும் இயக்கவியல் கணக்கால் காட்டினார்கள். இதைச் சோதிக்க 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டினார்கள். 2023-இல் வெளிவந்த அவர்கள் முடிவு 50.8 சதவீதம். தலைக்கும் பூவுக்கும் இடையே வேற்றுமை இல்லை; தொடங்கிய பக்கத்துக்கே அந்தச் சிறு சலுகை. இத்தனை லட்சம் சுண்டியிராவிட்டால் இந்த நுண்மை கண்ணுக்குப் புலப்பட்டிருக்காது. கணக்கு வழிகாட்டியிராவிட்டால் தொடங்கிய பக்கத்தைக் குறித்துவைக்க வேண்டுமென்று பலருக்கும் தோன்றியுமிராது.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நிகழ்தகவைக் கரும்பலகையில் பின்னங்களாக எழுதிப்போட்டு, பாடம் முடிந்தது என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடாதீர்கள். நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாணயத்தைக் கொடுத்து, ஐம்பது முறை சுண்டி, விழுந்ததை விழுந்தபடி எழுதச் சொல்லுங்கள். ஒருவனுக்கு 19 தலையும் அடுத்தவனுக்கு 31 தலையும் வந்து நிற்கும். இருவரையும் வையாதீர்கள், இரண்டும் நியாயமான எண்களே. பிறகு எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்தம் 2,000 சுண்டல். தலைகள் பெரும்பாலும் 955-க்கும் 1,045-க்கும் இடையே அமையும். இருபது வகுப்புகளில் ஒன்றில் அந்த எல்லைக்கு வெளியேயும் போகும். உங்கள் வகுப்பு அந்த ஒன்றாக இருந்துவிட்டால், எண்ணைத் திருத்தி எழுதச் சொல்லாமல், மறுநாள் இன்னும் ஐம்பது முறை சுண்டச் சொல்லுங்கள்.